தட்டாதே, குனிந்து பார்

இன்று காலை பைப்பைத் திறந்ததும் அந்த மருந்து மணம் குப்பென்று மூக்கில் அடித்தது. மழை தொடங்கினால் குழாய்த் தண்ணீரில் குளோரின் கூடிவிடும் என்று நீங்கள் முணுமுணுப்பீர்களே, அதே மணம்தான். முகம் கழுவ ஏந்திய தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு முன்னறைக்கு ஓடினேன். மீன்தொட்டியில் அந்தத் தண்ணீரை யாரும் ஊற்றவில்லை. ஊற்றுவதற்கு இந்த வீட்டில் என்னைவிட்டால் ஆளும் இல்லை. தெரிந்தும் ஓடினேன். இருபத்தெட்டு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவர் நீங்கள், என் பயம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா?

மாப்பிள்ளை வழக்கம்போல அடியில்தான் கிடந்தார், கண்டல் வேருக்குக் கீழே, வாயைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு.

நீங்கள் அந்த மீனைச் செங்கலடிச் சந்தியிலிருந்து பொலித்தீன் பைக்குள் கொண்டுவந்த நாள் ஞாபகம் வருகிறது. நெஞ்சு வருத்தம் வந்து ஆசுப்பத்திரியில் பத்து நாள் கிடந்து, இனி வயரிங் வேலைக்கு ஏணியில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பிய மாதம் அது. சும்மா இருந்து பழகாத மனிதர் சாய்மனைக் கதிரையில் கிடந்து முகட்டைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடிக்காத குறை. "கிளினிக்குக்குப் போயிற்று வாறன்" என்று போனவர் ஓட்டோவில் கண்ணாடித் தொட்டியும் மீனுமாக வந்து நின்றீர்கள். கறுப்பு நிறம், உடம்பெல்லாம் புள்ளி, தட்டையான வயிறு, பார்க்க ஓணானுக்கும் கருவாட்டுக்கும் பிறந்ததுபோல. தொட்டிக்குள் விட்டதும் நேரே அடிக்குப் போய்ப் படுத்தது. படுத்ததுதான். அரை மணித்தியாலம் பார்த்தேன், அசையவில்லை.

"இது மீனா, கல்லா?" என்று கேட்டேன்.

"என்னப் போல ஒராள், புள்ள. ஓடப்படாது, ஆடப்படாது, கிடந்த இடத்துல கிடக்கோணும். பொம்புளை வீட்டுக்கு வந்து இருக்கிற மாப்பிள்ளை" என்றீர்கள்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தானே பெண் வீட்டுக்கு வருகிறது. செட்டிபாளையத்தில் என் அம்மா எனக்குத் தந்த இந்த வீட்டுக்கு ஒரு ரங்குப்பெட்டியோடு வந்த நாளை நீங்கள் சாகும்வரை பகிடியாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அன்றிலிருந்து மீனுக்கும் மாப்பிள்ளை என்றே பெயர் விழுந்தது.

கடைக்காரர் உங்களுக்குச் சொல்லி அனுப்பியது பச்சைப் பொய். தொட்டி கழுவுகிற மீன், அழுக்கைத் தின்றே வாழும், தீன் போடத் தேவையில்லை என்றாராம். மூன்று கிழமையில் மாப்பிள்ளையின் வயிறு உள்ளே போனதை நான் கவனிக்கவே இல்லை. நீங்கள்தான் கண்ணாடியில் முகம் வைத்துப் பார்த்துவிட்டு, "பட்டினி கிடக்குது புள்ள, வாய் திறந்து கேக்கத் தெரியாத சாமான்" என்றீர்கள். அன்று பின்னேரமே வெள்ளரிக்காயை வட்டமாக வெட்டி, மிதக்காமல் இருக்க என் கறிக் கரண்டியில் கட்டி உள்ளே இறக்கினீர்கள். என் கரண்டி! அதோடு விட்டீர்களா? மாப்பிள்ளை ஒளிந்திருக்க ஆத்துப் பக்கம் போய்க் கண்டல் வேர் ஒன்றைக் கொண்டுவந்து, நான் நெல் அவிக்கிற பானையில் போட்டு அவித்தீர்கள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். நீங்கள் சிரித்துக்கொண்டே விறகைத் தள்ளினீர்கள்.

எனக்கு வாய்தான் நீளம். உள்ளுக்குள் நான் பயந்தாங்கொள்ளி. ஆசுப்பத்திரியால் நீங்கள் வந்த நாளிலிருந்து எனக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான். நீங்கள் கதிரையில் கண்ணை மூடிக் கிடக்கும்போது மூச்சு வருகிறதா என்ற பயம். கிட்ட வந்து பார்க்க ஏலாது. பார்த்து, அங்கே மூச்சு இல்லாவிட்டால்? அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சமையலறையில் நின்று சட்டி மூடியைக் கையைவிட்டு விழுத்துவேன். சீமெந்துத் தரையில் அது கிணுகிணுவென்று சுற்றி அடங்குவதற்குள் முன்னறையிலிருந்து உங்கள் குரல் வரும்.

"என்ன புள்ள விழுந்த?"

"ஒண்டுமில்ல, மூடி."

அவ்வளவுதான். எனக்கு உயிர் திரும்பி வரும், அடுப்பை ஊதத் தொடங்குவேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை, நாலு தடவை விழும். அந்த மூடியின் விளிம்பெல்லாம் நெளிந்துபோயிருக்கிறது.

மாப்பிள்ளைக்கும் அதே வைத்தியம்தான். அசையாமல் கிடந்தால் கண்ணாடியில் டொக் டொக்கென்று தட்டுவேன். அது திடுக்கிட்டு அடித்துக்கொண்டு ஓடும். ஒருநாள் அப்படி ஓடி வேரில் மோதிச் செட்டை கிழிந்தது. அன்றைக்குத்தான் நீங்கள் என்னோடு கொஞ்சம் கோபமாகப் பேசினீர்கள். "தட்டாத புள்ள. அது சாகல்ல, உன்ட சத்தத்துலதான் சாகப்போகுது. குனிஞ்சு செவுளப் பாரு. மெல்ல மெல்லத் திறந்து மூடும். பாக்கிறதுக்குப் பொறுமை வேணும்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னீர்கள்: "சட்டி மூடியும் அப்பிடித்தான். சும்மா போட்டு உடைக்காம வந்து பாரன்."

உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் நான் மூடியை விடவில்லை.

இனி நான் சொல்லவேண்டியதைச் சொல்லுகிறேன். இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. களுதாவளையில் இருக்கிற மகளுக்கும் சொல்லவில்லை.

அன்று காலை பத்து மணியளவில் நான் மூடியை விழுத்தினேன். உங்கள் குரல் வரவில்லை. திரும்ப விழுத்தினேன். மூன்றாம் தரம் மூடியை ஓங்கி நிலத்தில் அடித்தேன், பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைத்தது. முன்னறையில் மாப்பிள்ளையின் காற்று மோட்டார் குமிழி விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கதவு நிலைவரை வந்தேன். கதிரையில் உங்கள் காலும், தொங்குகிற ஒரு கையும் தெரிந்தன. அங்கிருந்து ஐந்து அடி. நான் வரவில்லை. திரும்பிப் பின்வளவுக்குப் போய்த் தும்புத்தடியை எடுத்து வளவைக் கூட்டத் தொடங்கினேன். கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினேன். உங்கள் அக்கா, என் மச்சாள், கறிக்கிண்ணத்தோடு படலையால் வந்து உள்ளே போய்க் குழறி அழுத பிறகுதான் தும்புத்தடி என் கையைவிட்டு விழுந்தது.

வந்தவர்களுக்கெல்லாம், "நித்திரை எண்டு நினைச்சன்" என்று சொல்லி அழுதேன். நான் நித்திரை என்று நினைக்கவில்லை. எனக்குத் தெரியும். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஓடி வந்திருந்தால், ஓட்டோ பிடித்திருந்தால், ஏதும் நடந்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்கவும் இல்லை. அவர் என்ன சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

அந்தியேட்டிச் சடங்குக்கு முதல்நாள், அதாவது உங்களுடைய முப்பதாம் நாள், வீடு கழுவி எடுக்க மச்சாள் வந்தா. செத்த வீட்டுத் தண்ணீர் உள்ளே நிற்கக்கூடாது என்று குடம், வாளி, பூச்சாடி எல்லாவற்றையும் கவிழ்த்து ஊற்றினா. அது எங்கள் வழக்கம்தான், நானும் கூடமாட நின்றேன். பிறகு வாளியோடு தொட்டியடிக்குப் போனா.

"மச்சாள், அது மீன் தண்ணி" என்றேன்.

"மீன் தண்ணியும் தண்ணிதானே புள்ள. என்ட தம்பி செத்துக் கிடந்த இடத்துக்குக் கிட்டவா நிண்ட தண்ணி. துடக்கு. ஊத்தாம வெச்சா நாளைக்குச் சனம் என்ன சொல்லும்?"

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒருநாளும் மாற்றக்கூடாது, குழாய்த் தண்ணீரை வாளியில் ஒருநாள் வைத்துத்தான் ஊற்றவேண்டும் என்று நீங்கள் சொல்லித் தந்ததெல்லாம் எனக்கு வாய்ப்பாடு. நாக்கு நுனிவரை வந்தது. சனம் என்ற சொல்லைக் கேட்டதும் அப்படியே உள்ளே போய்விட்டது. அந்தச் சனத்துக்கு நான் ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியிருக்கிறேன் அல்லவா? வாயைத் திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும்போல இருந்தது. மச்சாள் மாப்பிள்ளையைப் பழைய துவாயில் பிடித்து பிளாஸ்டிக் பேசினுக்குள் போட்டா, தொட்டியை மஞ்சள் தண்ணீரால் கழுவினா, குழாயைப் போட்டு நிரப்பி, மாப்பிள்ளையைத் திரும்ப உள்ளே விட்டா. வீடெல்லாம் அந்த மருந்து மணம். அடுத்தநாள் சடங்குக்குச் சாமான் எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா.

நான் தனியே நின்றேன். மாப்பிள்ளை வேருக்குக் கீழே போகவில்லை. ஒரு பக்கம் சரிந்து, வெளிறிய வயிறு தெரியக் கிடந்தது.

சமையலறைக்குள் எப்படிப் போனேன் என்று தெரியாது. கையைப் பார்த்தால் அதில் சட்டி மூடி. விழுத்துவதற்கு ஓங்கியும்விட்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடியே, இந்த மீன் உனக்குப் பதில் சொல்லப்போகிறதா, என்ன விழுந்த என்று? பின்கதவு திறந்து கிடந்தது. தும்புத்தடி சுவரில் சாய்ந்து நின்றது. என் கால் அந்தப் பக்கம்தான் திரும்பியது. பொய் சொல்லமாட்டேன், ஒரு காலை வெளியே வைத்தும்விட்டேன்.

பிறகு மூடியை மேசையில் வைத்தேன். சத்தம் வராமல் வைத்தேன்.

தொட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். உங்கள் மருந்துத் தட்டில் அந்தச் சின்னப் போத்தல் நின்றது. குளோரினை முறிக்கிற கட்டி, பார்க்கக் கற்கண்டுபோல இருக்கும். முன்னம் ஒருநாள் அதை நான் பிளேன்டீக்கு எடுக்கப் போய், நீங்கள் பாய்ந்து பறித்தீர்களே! அன்றே துண்டுக் கடதாசியில் எழுதி ஒட்டியிருந்தீர்கள்: "இது கற்கண்டு இல்ல புள்ள. மாப்பிள்ளைக்கு. வாளிக்கு ரெண்டு." உங்கள் கையெழுத்தைக் கண்டதும் கண் மறைத்துவிட்டது, துடைத்துத் துடைத்து எண்ணினேன். எட்டு வாளித் தொட்டி, பதினாறு கட்டி. போட்டுக் கையாலேயே கலக்கினேன்.

அந்த மீனை நான் ஒருநாளும் தொட்டதில்லை. அன்று கையைக் கீழே விட்டு அதை நிமிர்த்திப் பிடித்தேன். பலாக்காய்த் தோல்போலச் சொரசொரவென்று இருந்தது. உடம்பெல்லாம் கூசியது. விடவில்லை. குனிந்து, கண்ணாடியில் முகத்தை வைத்து, செவுளைப் பார்த்தேன். அசைவில்லை. கண்ணை மூடாதே, மூடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இது செத்திருந்தால் செத்ததைப் பார்ப்பேன், வளவு கூட்டப் போகமாட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, கை விறைத்துப்போனது. செவுள் ஒரு தரம் திறந்தது. நெடுநேரம் கழித்து இன்னொரு தரம். பொழுதுபட மச்சாள் திரும்பி வந்தபோது நான் தோள்வரை நனைந்து அங்கேயே இருந்தேன். "என்னடி புள்ள, ஒரு மீனுக்கா இந்த அழுகை?" என்று கேட்டா. "இல்ல மச்சாள்" என்றேன். நான் வளவு கூட்டிக்கொண்டு நின்ற கதையை அவவுக்கும் சொல்லவேண்டும். இன்னும் பயமாக இருக்கிறது.

மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டார். வயிறு நிரம்ப வெள்ளரிக்காய் தின்கிறார், கரண்டி அவருக்கே எழுதிக் கொடுத்தாயிற்று. தண்ணீரை வாளியில் ஒருநாள் வைத்துத்தான் ஊற்றுகிறேன். தட்டுவதில்லை.

உங்கள் கதிரையை மட்டும் அன்றிலிருந்து சுவர்ப் பக்கம் திருப்பி, மேலே துணி போட்டு வைத்திருந்தேன். அந்தப் பக்கம் பார்க்காமலே தொட்டிக்கு வந்து போகப் பழகியிருந்தேன். இன்று காலை பைப்படியிலிருந்து ஓடிவந்த அவசரத்தில் சமையலறை மேசையில் கை பட்டு மூடி விழுந்தது. உண்மையாகவே தவறித்தான் விழுந்தது. சுற்றிச் சுற்றி அடங்கும்வரை காது உங்கள் குரலுக்காகக் காத்துநின்றது. பிறகு குனிந்து மாப்பிள்ளையின் செவுளைப் பார்த்தேன். திறந்து மூடியது.

எழும்பிப் போய்த் துணியை எடுத்தேன். கதிரையை என் பக்கம் திருப்பினேன். கதவு நிலையடிக்குத் திரும்பிப் போய் நின்றேன். அன்றைக்கு வராத அந்த ஐந்து அடியை இன்றைக்கு வந்து, கண்ணை மூடாமல் பார்த்தேன்.