அப்பா குழாயடியில் கொட்டிய இன்சுலின்

ஜூன் 18, இரவு

இன்று பார்த்ததை எதையும் கூட்டாமல், மறைக்காமல் அப்படியே எழுதப் போகிறேன்.

அப்பா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறார். நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். துண்டு எடுக்க நான் பின்பக்கம் போனேன். அவர் சிரிஞ்சில் இன்சுலினைச் சரியான அளவுக்கு ஏற்றி, குழாயடியில் பீய்ச்சிக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா பண்ற!"

"கத்தாத பாப்பா. இத்தப் போட்டுக்கினு மேல ஏறினா நடுராத்திரில சர்க்கரை எறங்கி கண்ணு இருட்டுது. கொக்கியில இரும்பு தொங்குது, கீழ ஆளுங்க நிக்கிறாங்கோ."

"டாக்டராண்ட சொன்னா அளவைக் கொறைப்பாருல்ல?"

"சொன்னா சீட்டுல எழுதுவாரு. அத்தக் கம்பெனில பாத்தா கிரேன விட்டே எறக்கிடுவாங்க. அம்மாவாண்ட ஊதிடாத."

நைட் ஷிஃப்டு வாரமெல்லாம் இப்படித்தானாம். போன வாரம் சர்க்கரை நானூறைத் தாண்டியபோது, திருட்டுத்தனமாக லட்டு தின்கிறார் என்று நான்தான் திட்டினேன். டப்பாவையும் ஒளித்து வைத்தேன். "ஆமா பாப்பா, தின்ட்டேன்" என்று சிரித்தார். இப்போது அவருக்குப் பாதத்தில் முள் குத்தினால்கூடத் தெரிவதில்லை.

சற்று முன் அம்மா வந்து, "அப்பா ஊசி போட்டுக்கினாராடி?" என்றாள்.

"இல்லம்மா. கொட்டிட்டாரு."

அம்மா விளக்கை அணைத்துவிட்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கிறேன், இன்னும் கதவருகேதான் நிற்கிறாள்.