ஆஷாடத்தில் வைத்த காவல்

ஜூலை 3, வியாழன்

ஏரி மடை பிய்த்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குள் கெளுத்தி மீன் நீந்திய வருஷம் இது. கண்டக்டர் ஒருவர் டிக்கெட் பையில் நாலு மீனைப் பிடித்துப் போட்டுக்கொண்டு போனார். அதே வாரம்தான் ருத்ரேகௌடர் மூன்றே ஓட்டில் ஜெயித்துப் பால் ஒன்றியத் தலைவரானார். அதற்கு மறுவாரம் சஹனா என்கிற பெண் எங்கள் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தது.

நான் கெம்பய்யா, இந்த அறையைப் பெருக்கிப் பார்த்துக்கொள்கிற ஆள். எனக்குக் கையெழுத்து என்றால் கட்டைவிரல். எண் மட்டும் தெரியும், பால் கேன் எண்ணிய பழக்கத்தில். இந்தப் பெண்தான், தாத்தா என்கிற உரிமையில் என் போனைப் பிடுங்கி எதையோ அழுத்தி, "கெம்பஜ்ஜா, உங்க வாய்ல இருக்கிற பழைய கதையெல்லாம் இதுல பேசுங்க. அதுவே எழுதிக்கும்" என்றது. பேசினேன். எழுதிக்கொண்டது. இருமினேன், அதற்கும் ஏதோ எழுதியது. எழுபத்து நாலு வயதில் நானும் எழுதுகிறவன் ஆகிவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

அறையைப் பெருக்கினேன். ஊதுபத்தி வைத்தேன். ஒன்பது மெஷினும் ஓடுகின்றன. வேறென்ன எழுதுவது?

ஜூலை 7, திங்கள்

இன்று பெரிய பஞ்சாயத்து.

ஒன்பது மெஷினின் உடம்பையும் ராப்பகலாய்ப் பார்த்துக்கொள்ள ஒரு மென்பொருள் வைக்கத்தான் சஹனா வந்திருக்கிறது. எதற்காவது நோவு என்றால் அதிகாரிகளின் போனுக்கு உடனே செய்தி போகுமாம். தலைவர் ஒரே போடாகப் போட்டிருக்கிறார்: இந்த மாதக் கடைசிக்குள் அது ஓட வேண்டும். அதற்குள் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பால் வண்டி நின்றால்கூட மென்பொருளும் வேண்டாம், பெண்ணும் வேண்டாம். அதற்கு ஆறு மாத வேலைதான், மஞ்சள் அட்டைக்காரி. நிரந்தரமானவர்களுக்குத்தான் நீல அட்டை.

மேலாளர் லிங்கராஜு கையை விரித்துவிட்டார். "ஆஷாடம்மா இது. புதுசா எதையும் ஆரம்பிக்கக் கூடாது. புதுப் பொண்டாட்டியையே அம்மா வீட்டுக்கு அனுப்பிடுறோம், உன் மெஷினுக்கு மட்டும் என்ன விலக்கு?"

"சார், ஆஷாடம் இருபத்துநாலாம் தேதிதான் முடியுது. அப்புறம் ஒரு வாரம்தான் இருக்கும்."

அவர் மோவாயைச் சொறிந்தார். பிறகு சுவரில் இருந்த பழைய சூட்டு மணிப் பெட்டியைக் காட்டினார். அறை சூடானால் ஐந்து பேருக்குப் போன் அடிக்கும் பெட்டி அது. வாமன ராவ் ராயர் கம்ப்யூட்டர் அதிகாரியாக இருந்தபோது வைத்தது, இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஸ்டூல் பிடித்தவன் நான்.

"புதுசு வைக்கல. இதை ரிப்பேர் பண்றோம். ஃபைல்ல அப்படியே எழுது."

"ரிப்பேரா? அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார்."

"சம்பந்தம் உண்டாக்கு. பொய் எழுதினா தோஷம். பழைய பெட்டிக்குள்ள இருக்கிறது ஏதாவது ஒண்ணு இதுக்குள்ள போகணும்."

அதனுள் எடுக்கத்தக்கதாய் இருந்தது ஐந்து போன் நம்பர் மட்டும்தான். மேலாளர், துணை மேலாளர், எலெக்ட்ரிக்கல், ஸ்டோர், கம்ப்யூட்டர் அதிகாரி என்று பதவியோடு இருந்தன. பெயர் கிடையாது. சஹனா அதை அப்படியே எடுத்துப் புதியதற்குள் போட்டது. யார் நம்பரைக் கொடுப்பது என்று இரண்டு நாளாய் ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த அதிகாரிகளுக்கெல்லாம் முகம் மலர்ந்தது.

ஜூலை 8, செவ்வாய்

மென்பொருள் என்றால் ஒரே ஆள் இல்லையாம். மெஷினுக்கு ஒரு குட்டிக் காவல்காரனாய் ஒன்பது பேர். அவர்கள் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்ள நடுவில் ஒரு பெரியவன். அதை எழுதிவைக்க ஒரு கணக்கன். திரையில் காட்ட ஒருவன். போனுக்குச் செய்தி அனுப்ப ஒருவன். நான் ஒற்றை ஆளாய்த் தொட்டுப் பார்த்துச் செய்த வேலைக்குப் பதின்மூன்று பேர்! எண்ணிப் பார்த்தேன், சரிதான்.

காலையில் சஹனா பெரியவனை முதலில் வைத்தது. கணக்கன் இல்லாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றான். கணக்கனை வைத்தது. பெரியவன் வயதில் மூத்தவனாம், இவன் பேச்சு அவனுக்குப் புரியவில்லையாம். இரண்டையும் பிடுங்கி எறிந்துவிட்டு ஒரே வயதில் இரண்டு பேரைக் கொண்டுவந்தது. சாயங்காலம் பார்த்தால் ஏழாம் நம்பர் காவல்காரன் மட்டும் ஊமை. கதவைத் திறந்துவிட லிங்கராஜுவின் அனுமதி வேண்டுமாம்.

"பெரியவனுக்குத் தனி மெஷின் குடுங்க சார். காவல்காரனை, அவன் காவல் காக்கிற வீட்டுக்குள்ளயே படுக்க வைக்கக் கூடாது."

"நாலாம் நம்பர் பாதி நாள் சும்மாத்தானே கிடக்கு? அங்கேயே படுக்கட்டும்."

நாலாம் நம்பர்தான் பால் வண்டி எடையைப் பதிகிற மெஷின். படுக்க வைத்துவிட்டார்கள்.

ஜூலை 10, வியாழன்

திரையில் ஒன்பது பச்சை. கீழே ஓரத்தில் மணி ஓடுகிறது. சஹனா எனக்குச் செட் தோசை வாங்கிக் கொடுத்தது.

ஜூலை 11, வெள்ளி

லிங்கராஜு ரொம்பப் பாராட்டினார். "அருமையான மென்பொருள்மா. எனக்கு ஒரு செய்திகூட வரல பாரு!" துணை மேலாளரும் அதையே சொன்னார். இந்த அறையில் இரண்டாம் நம்பருக்கு இருமல், ஆறாம் நம்பருக்கு வயிறு உப்புசம். எப்படிச் செய்தி வராமல் இருக்கும்? நமக்கென்ன.

ஜூலை 15, செவ்வாய்

வாமன ராவ் ராயர் போன் செய்தார்! வேலையை விட்டு இருபத்தொரு வருஷம். வயது எண்பத்தொன்று. குரல் மட்டும் அதே அதிகாரம்.

"கெம்பய்யா, ஆறாம் நம்பர்ல இடம் நிறைஞ்சுகிட்டே வருது. நூத்துக்குத் தொண்ணூத்தி ரெண்டு ஆயிடுச்சு. யாருமே பாக்கலையா?"

"ராயரே, வீட்டுல உக்காந்துகிட்டு உங்களுக்கு எப்படித் தெரியுது?"

குரலைத் தாழ்த்தினார். "என்னைத் திரும்பக் கூப்பிட்டிருக்காங்க. ரகசியமா. காலைல ஆறு மணிக்கு எல்லாம் நலம்னு ஒரு செய்தி. அப்புறம் நாள் பூரா ஒவ்வொண்ணா வருது. ஆர்டர் பேப்பர்லாம் இல்ல, நேரா போனுக்கே. ஆபீஸ்ல மூச்சு விடாதே."

விடவில்லை. பெரிய இடத்து விஷயம். நமக்கேன்?

சஹனாவிடம் போய், "ஆறாம் நம்பர் கொஞ்சம் கனமா இருக்கிற மாதிரி தோணுதும்மா" என்று மட்டும் சொன்னேன். அது பார்த்தது. என்னைப் பார்த்தது. மறுபடி மெஷினைப் பார்த்தது.

ஜூலை 18, வெள்ளி

இன்று இரண்டாம் நம்பருக்குச் சூடு என்று ராயர் சொன்னார். நான் அதன் முதுகைத் தடவி, "ஜுரம்" என்றேன். சரியாக இருந்தது. கேன்டீனில் என்னைப் பார்த்து எழுந்து நிற்கிறார்கள். டிரைவர் ஒருவர் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டார். கார்த்திகையில் ஆகும் என்று சொல்லிவிட்டேன். சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எழுந்து நின்று கேட்கிறான், என்ன செய்ய?

ஜூலை 24, வியாழன்

பீமன அமாவாசை. ஆஷாடம் முடிந்தது. லிங்கராஜு பூசணிக்காய் உடைத்து, "இனிமே இது புதுசு" என்றார்.

ஜூலை 29, செவ்வாய்

முதலில் இருந்து சொல்கிறேன்.

காலை எட்டு மணி இருக்கும். வாசலில் பதினோரு பால் வண்டி வரிசை. ராயர் போன்.

"கெம்பய்யா, இன்னிக்கு எனக்கு ஒண்ணுமே வரல."

"நல்லதுதானே ராயரே. நோவு இல்ல போலிருக்கு."

"மடையா! நோவு இல்லன்னா இல்லன்னு ஆறு மணிக்கு வரணுமே. அதுவே வரல. திரையில என்ன தெரியுது?"

"ஒன்பதும் பச்சை."

"கீழே மணி?"

பார்த்தேன். இரண்டு நாற்பது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு அஞ்சு. மறுபடி திரை. இரண்டு நாற்பதேதான், நகரவில்லை. அய்யோ, இவ்வளவு நேரம் செத்தவன் முகத்தைப் பார்த்தா நலம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்!

நாலாம் நம்பர் முதுகில் கை வைத்தேன். தோசைக்கல். உள்ளே விசிறி நின்றுபோயிருந்தது. அதற்குள் படுத்திருந்த பெரியவன் சூட்டில் ராத்திரியே மயங்கிவிட்டான். கேட்க ஆளில்லாமல் ஒன்பது காவல்காரர்களும் யாரிடமோ கத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். எடை மெஷின் இன்னும் ஓடியது, குற்றுயிராய்.

ஓடினேன். ஓட்டம் என்று நான் சொல்கிறேன், பார்த்தவர்கள் என்ன சொல்வார்களோ. கேன்டீனில் சஹனா தட்டு இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"நாலு போகப்போவுதும்மா! எழுந்திரு!"

"பச்சையாத்தானே அஜ்ஜா இருந்துச்சு?"

"பச்சை பொய்! மணியைப் பாரு!"

கை கழுவாமலே வந்தது. எடைப் பதிவை நாலில் இருந்து எட்டுக்கு மாற்ற இருபது நிமிஷம் பிடித்தது. விசைப்பலகையெல்லாம் சட்னி. மாற்றி முடித்து ஐந்து நிமிஷம்கூட இல்லை, நாலாம் நம்பர் 'டப்' என்றது. அதோடு சரி. வாசலில் பன்னிரண்டாவது வண்டியும் சேர்ந்து எடை போட்டுப் போனது. எவனுக்கும் ஒன்றும் தெரியாது.

பெண் தரையிலேயே உட்கார்ந்துவிட்டது. "அஜ்ஜா, நிஜத்தைச் சொல்லுங்க. உங்களுக்கு யார் சொல்றா?"

மூச்சு விடாதே என்றவர் ராயர். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்லாமல் இருப்பது? சொல்லிவிட்டேன். ஆறாம் நம்பர், ஜுரம், எல்லாவற்றையும். கார்த்திகைக் கல்யாணத்தை மட்டும் சொல்லவில்லை.

ஜூலை 30, புதன்

சஹனா பழைய பெட்டி நம்பர் கதையைச் சொன்னதும் லிங்கராஜு குதித்தார். "ரிட்டயர் ஆன ஆளுக்கு நம்ம ரகசியமெல்லாம் போயிட்டு இருக்கா? உடனே அந்த நம்பரை எடு!"

"எடுத்துடுறேன் சார். அந்த இடத்துல உங்க நம்பரைப் போடட்டுமா? நாள் பூரா வரும். விடியக்காலைலயும் வரும்."

"எனக்கு பி.பி. இருக்கும்மா" என்றார் லிங்கராஜு. துணை மேலாளருக்குச் சர்க்கரை. ஸ்டோர் அதிகாரிக்கு மாமியார்.

"ராயர் அனுபவஸ்தர்" என்றார் லிங்கராஜு. "இருக்கட்டும். கௌரவ ஆலோசகர்னு எழுதிடு. பெரியவனுக்குத் தனி மெஷினும் எடுத்துக்கோ."

ஆகஸ்ட் 4, திங்கள்

தலைவர் வந்தார். மாதம் முழுக்க ஒரு வண்டியும் நிற்கவில்லை என்று அவரே படித்துச் சொல்லிக் கைதட்டச் சொன்னார். தட்டினோம்.

மத்தியானம் சஹனா என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தது. கழுத்தில் நீல அட்டை. பழைய பட்டியலைச் சுத்தம் பண்ண வேண்டுமாம், ஒவ்வொரு நம்பரும் யாருடையது என்று கேட்டது.

"மேலாளர்?"

"மல்லேசப்பா. நெய் டின் மேல உக்காந்துதான் கையெழுத்துப் போடுவார். செத்துப்போய் ஒன்பது வருஷம்."

அந்த நம்பருக்குப் போன் போட்டது. எடுத்தவர் யாரோ ஆட்டுக்கறிக் கடைக்காரர். "நீங்கதானா அது? உங்க அஞ்சாம் நம்பருக்குச் சூடுன்னா எனக்கென்னய்யா? நான் ஆடு வெட்டுவேனா, உங்க செய்தியைப் படிப்பேனா?" சஹனா மன்னிப்புக் கேட்டது. அவர் கடைசியில், "இப்ப சரியாயிடுச்சா அது?" என்று விசாரித்துவிட்டுத்தான் வைத்தார்.

"துணை மேலாளர்?"

"ஃபிலோமினா அம்மா. ஆம்பளைங்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். கொரோனா வந்த முதல் வருஷம் போயிடுச்சு." நம்பர் உயிரோடு இல்லை.

"எலெக்ட்ரிக்கல்?"

"சந்திரஹாசன். கரண்ட்டுக்குப் பயப்படுவான். வயரையெல்லாம் நான்தான் பிடிக்கணும். கடைசில தென்னை மட்டை விழுந்து போனான்." எடுத்த பெண், மூன்று வாரமாய் எங்களைத் திட்டிப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறதாம்.

"ஸ்டோர்?"

"காதர் பாஷா. ரம்ஜானுக்கு இந்த அறைக்கே பாயசம் வரும். போன தை மாசம்தான் போனான்." நம்பரை வேண்டாம் என்றேன். அவன் மகன் அதை வைத்திருக்கிறான். அவனை நான் தனியாய்க் கூப்பிட்டுப் பேசிக்கொள்கிறேன்.

நான்கையும் அழித்தது. முதல் இடத்தில் தன் நம்பரைப் போட்டது.

மிச்சம் கம்ப்யூட்டர் அதிகாரி. முழு மணிகூட அடிக்கவில்லை, அந்தப் பக்கம் எடுத்தாகிவிட்டது.

"சொல்லுங்க, எந்த மெஷின்?"

"ஒண்ணும் இல்ல சார். எல்லாம் நல்லா ஓடுது. சும்மா சரிபார்த்தேன்."

"சரி. எழுதிக்கிட்டேன். பன்னெண்டு அம்பது" என்று வைத்துவிட்டார்.

"அஜ்ஜா, அந்த அஞ்சு பேர்ல..." என்று ஆரம்பித்தது பெண்.

ஆமாம் என்றேன். வாமன ராவ் ஒருவர்தான் மிச்சம்.