எர்த் இல்லாத மேடை

மார்ச் 4, சனி

மண்டபத்தின் சனிக்கிழமைக் கச்சேரியில், இரண்டாவது பாட்டின் நடுவில் நாத்தனார் சட்டென்று மைக்கை விட்டு விலகினாள். உதட்டில் ஷாக். கைக்குட்டையை மைக்கின் தலையில் சுற்றிக்கொண்டு, விட்ட வரியிலிருந்தே பாடினாள். கூட்டம் அதற்கும் கை தட்டியது. கீபோர்டில் இருந்த நான் கோபத்தில் ஒரு கட்டையைத் தவறவிட்டேன்.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபையர் பிளக்கில், கசியும் கரண்டைத் தரைக்குக் கடத்தும் எர்த் பின்னையே நறுக்கியிருக்கிறார்கள். மைக்கில் டெஸ்டரை வைத்தால் விளக்கு எரிகிறது. சவுண்டுக்காரர் மறைக்கக்கூட இல்லை. எர்த் கொடுத்தால் ஸ்பீக்கர் உறுமுகிறதாம், அதனால் வெட்டினாராம். பாடகர்களுக்கு இந்த ஷாக்கெல்லாம் பழக்கமாம்.

உறுமலை நிறுத்த உயிரைப் பணயம் வைப்பதா? என்ன மனிதர்!

மார்ச் 5, ஞாயிறு

எர்த் சரிசெய்யாமல் வாசிக்க மாட்டேன் என்று மண்டப மேலாளருக்குப் போன் செய்தேன். மிகப் பணிவாக, "வயசாயிடுச்சு, ரெஸ்ட் எடுங்கம்மா. நாங்க வேற ஆள் பாத்துக்கறோம்" என்றார்.

கான்வென்டில் பியானோ சொல்லிக்கொடுத்த மதர் முன்னால்கூட நான் குனிந்து உட்கார்ந்ததில்லை. இவர் முன்னாலா?

மார்ச் 8, புதன்

நாத்தனார் வந்தாள்.

"அண்ணி, நம்மள மேடை ஏத்துறது இந்த ஒரு இடம்தான். அதையும் கெடுத்துடாதீங்க. கைக்குட்டை இருக்குல்ல?"

"அது வேர்வையில நனைஞ்சா?"

கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தன் அண்ணன், என் வீட்டுக்காரர், இருந்தபோதும் நான் வளைந்து கொடுத்ததில்லை என்று முணுமுணுத்தாள். கொடுக்கவில்லைதான். அவர் போன பிறகு எனக்கென்று மிச்சம் இருப்பவள் இவள் ஒருத்தி. இவளையும் ஒரு மைக்குக்கு வாரிக் கொடுக்கவா? கோபித்துக்கொள்ளட்டும் — கோபிக்க உயிரோடு இருக்கட்டும்.

மார்ச் 10, வெள்ளி

அவளும் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. நாளைக் கச்சேரிக்குப் போக மாட்டேன் — இதை எத்தனை தடவை எனக்கே சொல்லிக்கொள்வது?

மார்ச் 11, சனி

மாலையில் மேலாளரின் போன். நாத்தனார் மேடை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாளாம். சவுண்டுக்காரர் பிளக்கை மாற்றிய பிறகும் மைக்கைத் தொட மறுக்கிறாளாம். "எங்க அண்ணி வந்து டெஸ்டர் வச்சுப் பாக்கட்டும், அப்பறம் பாடறேன்" என்கிறாளாம்.

போனேன். டெஸ்டரில் விளக்கு எரியவில்லை. ஆனால் உறுமல் மாவு மில் மாதிரி. சவுண்டுக்காரர் 'நான் சொல்லவில்லையா' என்று பார்த்தார்.

உறுமினால் என்ன? அது ஒரே சுருதியில் அசையாமல் நின்றது, என் இரண்டு கட்டைகளுக்கு நடுவில். கீபோர்டின் சுருதியை அந்த உறுமலோடு சேரும்படி ஏற்றினேன். கிடார்க்காரர் முறைத்துக்கொண்டே கம்பிகளை முறுக்கினார்.

"இதுல பாடிடுவியா?"

"நீங்க ஆரம்பிங்க அண்ணி, பாத்துக்கலாம்."

மார்ச் 18, சனி

இந்த வாரமும் அதே உறுமலோடுதான் பாட்டு. நிகழ்ச்சி முடிந்ததும் முன்வரிசைப் பெண்மணி ஒருவர் மேலாளரை நிறுத்தினார். கடைசிவரை அடியில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த வாத்தியக்காரர் யார், அவரை ஏன் மேடைக்கு அழைக்கவில்லை என்று கேட்டார். மேலாளர் விழித்தார்.

நாத்தனார் முந்திக்கொண்டாள். "அவருக்குக் கூச்சம் ஜாஸ்திம்மா."