ஓட்டிப் பார்க்காமல் விலை பேசிய மெஷின்

திரெனோவோ கிராமம்,
பிப்ரவரி, திராட்சைக் கொடி வெட்டிய மறுநாள்.

வலென்சியாவில் மகள் வீட்டில் இருக்கும் தம்பி ராங்கெலுக்கு, அண்ணன் நைடென் வாயால் சொல்ல, தபால்காரி சோன்கா கையால் எழுதுவது.

நான் இன்னும் என் காலிலேயே நிற்கிறேன். நீயும் உன் மகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வெயிலில் சுகமாக இருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்குப் போன் செய்தபோது முழங்கால் வலி என்றாய். குறைந்ததா? அண்ணன் போனை விட்டுவிட்டு ஏன் கடிதத்துக்கு வந்தான் என்று நினைப்பாய். போனில் நீ நடுவில் இருமுவாய். பேரன் அழுகிறான் என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

ஊர்ச் செய்தி இதுதான். ஜனவரிப் பனியில் உன் வால்நட் மரத்தின் பெரிய கிளை முறிந்து சுவர்மேல் விழுந்தது. கிணற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. நேற்று என் கொடியை வெட்டி முடித்துவிட்டு உன் கொடியையும் வெட்டினேன். உன் வீட்டை வாங்கப்போகும் தலைநகரத்து சோபியாக்காரர்களுக்கு வெட்டத் தெரியுமோ தெரியாதோ. நம் அக்கா மகன் பிளாமென் தினமும் வந்து கொட்டகையைக் காலி செய்கிறான். நல்ல பையன். நாற்பத்தைந்து வயதாகியும் பையன் என்றே வாயில் வருகிறது.

என் விஷயத்துக்கு வருகிறேன். போன இலையுதிர் காலத்தில் பிளம் மரத்து ஏணியிலிருந்து விழுந்ததிலிருந்து வலது கை நடுங்குகிறது. சாப்பிடும்போது பரவாயில்லை, கரண்டி எப்படியும் வாயைத் தேடி வந்துவிடும். வேலையில்தான் தொல்லை. தேனீக்காரன் வெலின் ஏப்ரலுக்குள் நானூறு தேன்பெட்டிச் சட்டம் கேட்டிருக்கிறான். ஒவ்வொரு சட்டத்திலும் கம்பி கோக்க எட்டு ஓட்டை. மொத்தம் மூவாயிரத்து இருநூறு. ஒன்று கோணினாலும் கம்பி தொய்யும், ஜூலை வெயிலில் தேனடை தேனோடு சரிந்து கீழே கிடக்கும். கையால் பிடிக்கும் டிரில் என் கையில் இப்போது குடிகாரன் மாதிரி நடக்கிறது. எனக்கு வேண்டியது தூணோடு நிற்கும் டிரில்லிங் மெஷின். அதில் கை நடுங்கலாம், துளைக்கும் முனை நடுங்காது. டவுன் கடையில் புதிது ஒன்றைப் பார்த்தேன். தூணைப் பிடித்து ஆட்டினேன், கல்யாண வீட்டில் ஆடுகிறவளைப் போல இடுப்பை ஆட்டியது. வந்துவிட்டேன்.

அப்போதுதான் பிளாமென் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "பெரிய மாமா, சின்ன மாமா கொட்டகையில ஒரு டிரில்லிங் மெஷின் கிடக்கு. பழைய இரும்பு, இப்ப வர்ற தகரம் இல்ல. இரும்பு வண்டிக்காரன் எடைக்குக் கேக்குறான். நீங்க எடுத்துக்கிட்டா இருநூத்தம்பது லெவா போதும். வந்து பாருங்களேன்" என்றான்.

உன் வீட்டில் மெஷினா என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

ஒயின் பீப்பாய்களுக்குப் பின்னால் நீ அடித்திருந்த பலகைச் சுவரை அவன் உடைத்திருந்தான். அதற்குள்ளே, போர்வை சுற்றி, குளிரில் நிற்கும் கிழவியைப் போல நின்றது. போர்வையை எடுத்தான். துரு இல்லை. எங்கு தொட்டாலும் எண்ணெய்.

பழைய மெஷினைக் கண்ணால் பார்த்து வாங்கக் கூடாது, கையால் பார்க்க வேண்டும் என்று உனக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அப்படியே பார்த்தேன். சுழலும் தண்டை முழுக்க இறக்கிப் பக்கவாட்டில் தள்ளினேன். அசையவில்லை. பெல்ட் தேயவே இல்லை. இறக்குகிற கைப்பிடியைப் பிடித்தேன். அதன் மூன்று பிடிக்கம்பியில் இரண்டின் நுனியில் கறுப்பு உருண்டை. மூன்றாவது என் உள்ளங்கைக்குள் தானாக வந்து உட்கார்ந்தது. திரென் மரத்து உருண்டை. உடைந்த உருண்டைக்குப் பதிலாக, நாம் இருவரும் வேலை செய்த கூட்டுப்பண்ணைப் பட்டறையில் நான் கடைந்து மாட்டியது. அப்போதும் மனம் ஒப்பவில்லை. இந்த மலைப்பக்கம் திரென் மரத்துக்கா பஞ்சம், எவனோ ஒருவன் கடைந்திருப்பான் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் மேசையில் விரலை ஓட்டினேன். இடது ஓரத்தில், ஒரு பீன்ஸ் கொட்டை அளவுக்குக் குழி.

பிளாமென், "அந்த ஒரு வடுதான் பெரிய மாமா. மத்தபடி பொண்ணு சுத்தம்" என்று சிரித்தான்.

அந்தக் குழி எப்படி வந்தது என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அறுபத்தெட்டாம் வருடம், பிளம் பூத்திருந்தது. நீ ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்து பட்டறை வாசலிலேயே, "அண்ணே, பொண்ணு! தாயும் பிள்ளையும் சுகம்!" என்று கத்தினாய். நான் திரும்பினேன், கை தூக்க மறந்தது. துளைக்கும் முனை மரத்தைத் தாண்டி இரும்பு மேசையில் இறங்கியது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "பிறந்த அன்னிக்கே மகளுக்குக் காது குத்திட்டியே அண்ணே!" என்றாய்.

பண்ணையின் நம்பர் தகட்டை உளியால் பெயர்த்திருக்கிறாய். அந்த நம்பரைப் படிக்க எனக்கு என்றைக்குத் தெரிந்தது, தம்பி? எனக்குப் படிக்கத் தெரிந்த குழியை விட்டுவிட்டாய்.

(சோன்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். இதையும் எழுதணுமா தாத்தா என்று கேட்கிறாள். எழுது என்றேன். ரொட்டியையும் உப்பையும் தொட்டு வெளியே சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள்.)

பிளாமென் சுவிட்சுக்குக் கை நீட்டினான். நான் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். "போடாதே" என்றேன். "ஓட்டிப் பார்க்காம மெஷின் வாங்குற மனுசனை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றான். அந்தச் சத்தம், பல் போன நாய் உறுமுகிற மாதிரி, ஊரில் அறுபது தாண்டிய ஒவ்வொருவர் காதிலும் இருக்கிறது. நீயும் அதனால்தானே முப்பத்தேழு வருடம் அதை ஓட்டவில்லை? உன் வீட்டு ஜன்னல் சட்டங்களைத் துளைக்க என்று எடுத்திருப்பாய். எடுத்த பிறகுதான் சத்தம் ஞாபகம் வந்திருக்கும்.

எழுபத்தொன்பதாம் வருடம் பண்ணையில் சாமான் சரிபார்த்து, மெஷினைக் காணோம் என்று தெரிந்த நாளில் நடந்ததை நீ மறந்திருந்தால் நான் சொல்கிறேன். எனக்கு எழுத்து இல்லை, அதனால் மறதியும் இல்லை. தலைவர் மேசையைத் தட்டி, "எழுபது கிலோ இரும்பு, ஒருத்தன் எப்படித் தூக்கிட்டுப் போவான்?" என்று கேட்டார். நான் முட்டாள், உதவி செய்வதாக நினைத்து, "நாலு போல்ட்டு இருக்குங்க ஐயா. அதைக் கழற்றத் தெரிஞ்சவன் தலை வேற, தூண் வேற, மேசை வேறன்னு மூணு நடையில கொண்டுபோயிடலாம்" என்றேன். அறை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த நாலு போல்ட்டு தெரிந்தவர்கள் ஊரில் இரண்டு பேர். பட்டறைக்குச் சாவியும் இரண்டு. உன்னைக் கேட்டார்கள். உன் சாவியை வெயில்காலத்திலேயே என்னிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னாய்.

அது பொய் என்று எனக்கு அன்றே தெரியும். ஆனால் பயத்தில் சொன்ன பொய் என்று நினைத்தேன். புதுக் கல்யாணம், பாதி கட்டிய வீடு, பயப்படாமல் என்ன செய்வான் என்று உனக்காக நானே வாதாடினேன். திருடியவன் வேறு எவனோ, என் தம்பி வெறும் கோழை என்று முப்பத்தேழு வருடம் நம்பியிருக்கிறேன். கோழையை மன்னிப்பது சுலபம்.

என்னைக் குதிரை லாயத்துக்கு அனுப்பினார்கள். ஊர் எனக்குத் துளையன் என்று பேர் வைத்தது. மதுக்கடையில், "துளையா, என் பீப்பாயில ஒரு ஓட்டை போடணும், உன் வீட்டு மெஷினை ஒரு நாளைக்குக் குடேன்" என்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். குழி விழுந்த அன்று பிறந்த என் எல்காவுக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவள் முதுகில் விரலை வைத்துத் திருகி, மெஷின் மாதிரி உறுமினார்களாம். பதினெட்டு வயதில் பிளவ்திவ் நகரத்துக்குப் போனவள், ஒரு முழு வாரம் இந்த வீட்டில் தங்கியதில்லை.

உன் அண்ணி மித்ரா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "நைடென், நீ எடுத்தியா?" இல்லை என்றேன். சரி என்றாள். செத்துப்போகும் வரை மறுபடி கேட்கவில்லை. நம்பியதால் கேட்கவில்லையா, நம்பாததால் கேட்கவில்லையா என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டாள்.

இதெல்லாம்கூட இருக்கட்டும். நோன்புக்கு முந்தின ஞாயிறு இருக்கிறதே, இளையவர்கள் மூத்தவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கிற நாள், அதற்கு வருகிறேன்.

மறு வருடம் அந்த ஞாயிற்றுக்கிழமை, மன்னிப்புக் கேட்க என் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. என்னைவிட இளையவர்கள் எல்லாரும் என் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார்கள். மித்ரா பாலாடைக்கட்டிப் பனித்சா சுட்டு, ஹல்வாவையும் எடுத்துவைத்து, பிறகு துணி போட்டு மூடினாள். அப்போது நீ வந்தாய். கையில் ஒரு ஆரஞ்சுப் பழம். என் கையை முத்தமிட்டு, "அண்ணே, என்னை மன்னிச்சிரு" என்று குலுங்கிக் குலுங்கி அழுதாய். "மன்னிச்சாச்சு தம்பி, கடவுளும் மன்னிக்கட்டும்" என்றேன். நாமெல்லோரும் சொல்வதுதான். எதற்கு என்று யார் யாரைக் கேட்கிறோம்? அந்த வருடம் என் வாசலை மிதித்தவன் நீ ஒருவன்தான். அந்த நன்றியைச் சாகும்வரை சுமக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு வருடமும் தவறவில்லை. ஸ்பெயினுக்குப் போன பிறகும் போனில் கேட்டாய். முப்பத்தாறு ஞாயிறு. முப்பத்தாறு தடவையும் கொடுத்தேன். சாவிப் பொய்க்காகக் கேட்கிறாய் என்று நினைத்துக் கொடுத்தேன்.

அன்று கொட்டகையில் பிளாமென் ஒன்று சொன்னான். "சின்ன மாமா ஊர்ல இருந்த வரைக்கும் வருசா வருசம் நோன்புக்கு முந்தின வாரம் இங்க வந்து உள்ளுக்குள்ள தாழ் போட்டுக்குவாரு பெரிய மாமா. என்னதான் பண்ணுவாரோ, எண்ணெய் வாடையோட வெளிய வருவாரு." பீப்பாய்மேல் உட்கார்ந்தேன். ஏனென்றால் உன் கையில் அந்த வாடை ஒவ்வொரு வருடமும் இருந்தது, ராங்கெல். என் கையைப் பிடித்து முத்தமிடும்போது மெஷின் எண்ணெய் மணக்கும். டிராக்டர் வேலையிலிருந்து நேராக வருகிறான், கை கழுவக்கூட நேரமில்லாமல் அண்ணனைப் பார்க்க ஓடி வருகிறான் என்று மித்ராவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

மெஷின் நல்ல மெஷின். அதில் குறை இல்லை. வாங்கலாமா என்றுதான் நான்கு நாளாகத் தூக்கம் இல்லை. வாங்கினால் என்ன நடக்கும்? வண்டியில் ஏற்றி என் முற்றத்தில் இறக்கினால், "துளையன் ஒளிச்சு வச்சதை வெளிய எடுத்துட்டான்" என்று சாயங்காலத்துக்குள் ஊர் பேசும். திருடவில்லை என்று முப்பத்தேழு வருடம் சொன்ன வாயோடு அதன் பக்கத்தில் நின்று வேலை செய்ய வேண்டும். வாங்காவிட்டால் இரும்பு வண்டிக்குப் போய் உருகிவிடும். எல்காவின் குழியும் அதோடு உருகும். நான் குற்றமில்லாதவன் என்று காட்ட இந்த உலகத்தில் இருக்கும் ஒரே பொருள் அது. உன் வாயைத் தவிர.

பிளாமெனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் உன்மேல் உயிரையே வைத்திருக்கிறான். நோன்பு ஞாயிறு வரைக்கும் யாருக்கும் கொடுக்காதே என்று மட்டும் சொல்லி வந்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. அன்று எல்கா வருகிறாள். வழக்கம்போல நீ போன் செய்வாய். அவள்தான் எடுப்பாள். என்னிடம் கொடு என்று அவளிடம் சொல்லாதே. முதலில் அவளிடம் பேசு. மன்னிச்சிரு என்ற வார்த்தை மட்டும் போதாது, தம்பி. எதற்கு என்று சொல்.

நீ சொன்னால், மறுநாள் பட்டப்பகலில், போர்வை போடாமல், மதுக்கடை வழியாகவே அதை வண்டியில் கொண்டுவருவேன். வாசல் கதவைத் திறந்துவைத்து ஓட்டுவேன். ஊர் கேட்கட்டும். யாராவது வந்து கேட்டால் எல்கா பதில் சொல்வாள், அவளுக்குத் தெரிந்திருக்கும். நீ சொல்லாவிட்டால் இரும்பு வண்டி கொண்டுபோகட்டும். வெலினின் சட்டங்களை இந்த நடுங்குகிற கையாலேயே துளைத்துக்கொள்கிறேன்.

கொடுத்த மன்னிப்பைத் திருப்பிக் கேட்கிறவன் இல்லை நான். முப்பத்தாறும் உன்னிடமே இருக்கட்டும். அவை ஒரு கோழைக்குக் கொடுத்தவை. இதற்கு வேண்டியது என்னிடம் இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. நீ கேட்டால்தான் உள்ளே தேடிப் பார்க்க முடியும். சீக்கிரம் கேள். எனக்கு எழுபத்தெட்டு ஆகிறது.

கடவுள் உன் முழங்காலுக்குச் சுகம் தரட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை உன் தொண்டைக்கும் பலம் தரட்டும். இருமல் வராமல் இருக்கட்டும்.

இதுவரை எழுதியது எல்லாம் சோன்காவின் கை. கீழே இருக்கும் பேரை மட்டும் நானே எழுதுகிறேன். எனக்கு எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான்.

நைடென்