குனிந்த மனிதன்

11 மார்ச் 2025, செவ்வாய்
நான் வரைந்த முதல் வீதி எச்சரிக்கைச் சின்னம் நாளை சாரதிகளிடம் சோதனைக்குப் போகிறது. முக்கோணத்துக்குள் தள்ளுவண்டியோடு குனிந்த மனிதன்: கடைச் சாமான் தள்ளுகிறவர்கள் கடக்குமிடம், மெதுவாகப் போங்கள். இது விளங்காதவனுக்குக் கண்ணைத்தான் சோதிக்க வேண்டும் என்று கூட வேலைசெய்யும் நிக்கோலாவிடம் பீற்றிக்கொண்டேன்.

12 மார்ச்
தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ பெர்தொனே தெரு முனை. நிக்கோலா படத்தைச் சட்டென்று காட்டி மறைத்து, என்ன தெரிந்தது என்று பிரெஞ்சில் கேட்பான். ஆள் தெரிந்தால் சரி.

கடைகளுக்கு மரக்கறி ஏற்றும் வானை ஓட்டிக்கொண்டு அப்பா வந்தார். என் அப்பா என்று நான் சொல்லவில்லை. அவரும் என்னைப் பார்த்து "போன்ஜூர் மதாம்" என்றார். மதாம்!

கேள்விக்கு "ஓம்... ஓம்..." என்று இழுத்தார். நிக்கோலா சரி போட்டான். பிரெஞ்சில் மனிதனுக்கும் 'ஓம்'தானே. பின்னால் வந்த தமிழ்ச் சாரதி அண்ணைமாரும் அதே ஓம், அதே சரி. அது வெறும் 'ஆமாம்'தான் என்று நான் திருத்தவில்லை.

13 மார்ச்
சின்னம் தேறிவிட்டது. கேக் வெட்டினார்கள். சீ, என்ன பிறவி நான்?

16 மார்ச், ஞாயிறு
பூசை முடிந்து ஆர்ஜொந்தெய் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் அப்பாவிடம் கேட்டேன், அந்தப் படத்தில் உண்மையில் என்ன கண்டீர்கள் என்று.

"ஆரோ வெறிகாரன் குனிஞ்சு சத்தியெடுக்கிறான் எண்டு நினைச்சன்."

வாந்தியெடுக்கும் குடிகாரனுக்கு யார் பிரேக் பிடிப்பார்கள்? விலத்திக்கொண்டு வேகமாகப் போவார்கள். வண்டில் தள்ளுகிறவன் மேலேயே ஏற்றிவிடுவார்கள் — என் சின்னத்தை நம்பி.

ஏன் அங்கேயே சொல்லவில்லை என்றேன்.

"அந்தத் தம்பிக்கு முன்னாலை என்ரை பிரெஞ்சைக் கதைச்சு, உனக்கேன் வெக்கக்கேடு எண்டு விட்டன் பிள்ளை."

ஐயோ. நான் வெட்கப்பட்டது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

17 மார்ச்
நிக்கோலாவிடம் சொல்லிவிட்டேன். எங்கள் தமிழில் ஓம் என்றால் ஆமாம். அந்த மரக்கறி வான்காரர் என் அப்பா. முதலாவதற்குச் சிரித்தான். இரண்டாவதற்குச் சிரிக்கவில்லை. சின்னத்தை வீதியில் போடாமல் நிறுத்திவைத்துவிட்டார்கள்.

2 ஏப்ரல்
புதுச் சின்னத்தோடு அதே முனை. மனிதன் இப்போது நிமிர்ந்து நடக்கிறான். கேள்வியை நானே தமிழில் கேட்டேன். "ஆள் வண்டில் தள்ளுறார், மெதுவாப் போகவேணும்" என்றார் அப்பா.

"இவர் என் அப்பா" என்றேன் நிக்கோலாவிடம். அவன் உடனே கையை நீட்டினான். அப்பா நீட்டவில்லை. கொடுக்கலாமா என்று முதலில் என் முகத்தைப் பார்த்தார்.