லைஃப் ஜாக்கெட்டில் தைத்த வளையம்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதிக்கொள்வது. கடிதம் என்றதும் பதறாதீர்கள். அவர் கூடத்தில் உட்கார்ந்து தூண்டில் ரீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார். நேற்று போனில் என் குரல் சரியில்லையே என்று நீங்கள் கேட்டபோது அவர் பக்கத்திலேயே நின்றார். சளி என்று பூசி மெழுகிவிட்டேன். சளியெல்லாம் இல்லை அக்கா, பயம். இந்த வீட்டில் முணுமுணுத்தாலே அடுத்த அறைக்குக் கேட்கும், அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள்.

அவர் பழசாக வாங்கிய கயாக்கைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். ஒருவர் மட்டும் கால் நீட்டி உட்கார்ந்து பெடல் மிதிக்கும் பிளாஸ்டிக் படகு. வாரம் முழுக்க ஊரார் வீட்டு ஏசியைக் கழற்றி மாட்டும் மனிதர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடலில் கிடப்பார். கூட வேலை செய்யும் நெட்டையரும் தன் கயாக்கில் போவார். உங்கள் தம்பி அவருக்கு வைத்திருக்கும் பெயர் ஒட்டடைக்குச்சி. நம் வீட்டு ஏசி மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டே இருக்கிறது, அது வேறு கதை.

எனக்கு இப்போது மீன்பிடி வித்தை முழுக்கத் தலைகீழ்ப் பாடம். சாப்பிடும்போதும் அதே பேச்சு என்றால் பாடமாகாமல் என்ன செய்யும்? ரீலில் ஒரு திருகு இருக்கிறது. அதை அளவாகத் தளர்த்தி வைத்தால் பெரிய மீன் இழுக்கும்போது தூண்டிலின் நைலான் நரம்பு விட்டுக்கொடுத்துக்கொண்டே ஓடும், நரம்பு அறுவதற்குள் மீன் களைத்துவிடும். அதுவரை மீன்தான் கயாக்கை இழுத்துக்கொண்டு போகும். தூண்டில் கம்பைப் படகின் மூக்குப் பக்கமே நீட்டிப் பிடிக்க வேண்டும். இழுப்பு பக்கவாட்டில் திரும்பினால் படகு கவிழ்ந்துவிடும். கை நழுவினாலும் கம்பு போய்விடாமல் இருக்க, அதை ஒரு கயிற்றால் படகோடு கட்டி வைப்பார்கள். இப்படியெல்லாம் முறையாகச் செய்தவர்தான் உங்கள் தம்பி. அவர் கொண்டுவந்த வஞ்சிரத்தை நானும் குறை சொல்லாமல் சாப்பிட்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு நாள் பாறை மீனின் தலையை மட்டும் கொண்டுவந்தார். செவுளுக்குப் பின்னால் கத்தரித்த துணி போல இருந்தது. முண்டத்தை யாருக்கு விற்றீர்கள் என்று கேலி செய்தேன், அவர் சிரிக்கவில்லை. மாட்டிய மீனை இழுத்துக்கொண்டிருக்கும்போதே கீழிருந்து ஒரு சுறா வந்து பறித்துக்கொண்டதாம். அடுத்த ஞாயிறும் தலைதான். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. பெடல் சத்தம் கேட்டதும் அது வந்துவிடுகிறதாம். "நமக்காகவே காத்துக்கிட்டு இருக்கு" என்று விருந்தாளியைச் சொல்வதுபோலச் சொன்னார்.

ஒட்டடைக்குச்சி இவர் இல்லாத நேரம் பார்த்து வீட்டுக்கு வந்தார். கொடுத்த காப்பியைக் குடிக்கவேயில்லை. "அது அண்ணன் படகுக்கு அடியில போச்சு அண்ணி. தலை அந்தப் பக்கம் தெரியுது, வாலு இந்தப் பக்கம் தெரியுது. நான் இனிமே வரமாட்டேன், அண்ணனையும் விடாதீங்க" என்றார். நான் என்ன சொன்னாலும் இவர் காதில் ஏறவில்லை. அதன் பிறகு தனியாகத்தான் போகிறார்.

இப்போது அவருக்கு வஞ்சிரமும் வேண்டாம், பாறையும் வேண்டாம். அந்தச் சுறாதான் வேண்டும். நரம்பின் நுனிக்கு இரும்புக் கம்பி வாங்கிவிட்டார், என் உள்ளங்கை அகலத்துக்குத் தூண்டில் முள் வாங்கிவிட்டார். போன ஞாயிறு அது முள்ளைக் கடித்துவிட்டது. படகில் கட்டிய கயிற்றின் கொக்கியை நிமிர்த்திவிட்டு, கம்பையும் ரீலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் புதுக் கம்போடு வந்தார். திருகை முழுக்க இறுக்கித்தான் வைப்பாராம், இனி ஒரு முழம்கூட விட்டுக்கொடுக்க மாட்டாராம்.

பிறகு லைஃப் ஜாக்கெட்டைக் கொண்டுவந்து என் தையல் மெஷின் மேல் போட்டார். நெஞ்சுக்கு நேரே ஒரு வளையம் தைத்துக் கொடு, யானை இழுத்தாலும் வரக் கூடாது என்றார். கம்பின் கயிற்றை அதில் மாட்டப் போகிறாராம். படகிலிருந்து பிடுங்கும், என்னிடமிருந்து எப்படிப் பிடுங்கும் என்கிறார். ஆபத்து வந்தால் அறுத்துவிட இடுப்பில் கத்தி இருக்கிறதே என்கிறார். கவிழ்ந்து தண்ணீர் குடிக்கிறவன் எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்ப்பானா, கத்தியைத் தேடுவானா?

நான் ஒரு வேலை செய்தேன் அக்கா. ரவிக்கைக்குப் போடும் மெல்லிய நூலில் ஓட்டுத் தையலாகப் போட்டுக் கொடுத்தேன். அவர் வளையத்தை ஜன்னல் கம்பியில் மாட்டி இரண்டு கையாலும் இழுத்தார். பட்டென்று வந்துவிட்டது. என்னைப் பார்த்தார். வெளியே போய், பள்ளிக்கூடப் பை தைக்கும் தடித்த நூலை வாங்கி வந்து, நான் தைத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். நாலு வரி தைத்தேன். மறுபடி இழுத்துப் பார்த்தார். ஜன்னல் கம்பியின் திருகாணிகள் பிடுங்கிக்கொண்டு வந்தன, வளையம் அசையவில்லை. "இதுதான் தையல்" என்று என் தோளைத் தட்டினார். தைத்துச் சம்பாதித்த என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

வருகிற ஞாயிறு விடிவதற்குள் கிளம்புகிறார். இந்தக் கடிதம் சனிக்கிழமை உங்கள் கையில் இருக்கும் என்று கூரியர்க்காரர் சொன்னார். போக வேண்டாம் என்று போனில் சொல்லாதீர்கள். சரி அக்கா என்பார், சொல்லிவிட்டுப் போவார். நீங்கள் மாடிப்படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டபோது, பாதி வேலையைப் போட்டுவிட்டு, மாற்றுச் சட்டைகூட எடுக்காமல் பஸ் ஏறி உங்களிடம் வந்தாரே, அந்த மனிதர்தான் எனக்கு வேண்டும். என் பேச்சுக்கு நிற்காதவர் உங்களுக்கு ஒன்று என்றால் ஓடி வருவார். நல்லபடியாக இருக்கிறவரிடம் இதைக் கேட்கிறேனே என்று வாய் கூசுகிறது. அந்தப் பாவம் என்னையே சேரட்டும்.

யாருக்கு எழுதுகிறாய் என்று இப்போதுதான் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். அக்காவுக்கு என்றேன். "அக்கா உடம்பு எப்படி இருக்குன்னு நான் கேட்டதா எழுது" என்கிறார்.

கேட்டுவிட்டேன் அக்கா. நன்றாக இல்லை என்று சொல்லுங்கள்.

உங்கள் காலில் விழுந்து கேட்கும்,
தம்பி மனைவி