ஒன்பதாம் வீட்டுக்கு ஐந்து நட்சத்திரம்

செவ்வாய்க் கிரகம், வடக்குக் குடியிருப்பு. எழுதுவது மங்கையர்க்கரசி, வீட்டு மின்சிக்கன மதிப்பீட்டாளர். இதைப் படிப்பவர் முழுவதையும் படிக்கவும்.

குளிர்காலம், நாள் 1. 09:00
ஒன்பதாம் வீடு, ஒற்றை அறை. செல்லப்பாண்டி, குழாய் மெக்கானிக். போன மாதம் இரண்டு நட்சத்திரம். இன்று ஆறு நாள் மறுசோதனை தொடங்கியது. நடுவில் பொது நடைபாதைக் கதவைத் திறந்தால் சோதனை ரத்து. மூன்று நட்சத்திரமாவது இல்லாத வீட்டுக்குக் குடும்பம் வர அனுமதி கிடையாது. இவர் மனைவி மாரிக்கனி மேலே கப்பலில் காத்திருக்கிறாள். அனுமதி இல்லையென்றால் அதே கப்பலில் பூமிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

நாள் 2. 10:15
மின்செலவு பாதியாகிவிட்டது. ஐந்து நட்சத்திர அளவு! யார் காதில் பூ சுற்றுகிறார்? ரேடியோவில் கேட்டேன்.
"சும்மா சந்தேகப்படாதீய மேடம். இண்டு இடுக்கெல்லாம் அடச்சிருக்கேன், அம்புட்டுதான்."
நான் நம்பவில்லை.

நாள் 3. 16:40
பிடித்துவிட்டேன். எட்டாம் வீடு என்னுடையது. பொதுச் சுவரில், என் கட்டிலுக்குப் பின்னால், பழைய கேபிள் ஓட்டை. கைவைத்துப் பார்த்தேன். என் வீட்டுக் காற்று அந்தப் பக்கம் போகிறது. ஓசிக் கதகதப்பில் ஐந்து நட்சத்திரமா! நுரைப்பசை அடித்து அடைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. மீட்டர் எகிறட்டும், கையும் களவுமாகப் பிடிக்கிறேன்.

நாள் 5. 11:20
மீட்டர் எகிறவில்லை. வேறு ஏதோ தில்லுமுல்லு.
"மேடம்… தல விண்ணு விண்ணுன்னு வலிக்கி. தூக்கம் தூக்கமா வருது. கதவ ஒரு நிமிசம் தொறக்கட்டுமா?"
நடிப்பு. திறந்தால் ரத்து என்றேன்.
"அப்ப வேண்டாம், வேண்டாம். மாரி வந்துரட்டும்."

நாள் 6. 17:05
மூன்று முறை கூப்பிட்டேன். பதில் இல்லை. கோபமாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குத்தான் மனசு சரியில்லை.

நாள் 7. 09:00
கதவைத் திறந்தேன். காற்றுக்குழாய் வாயில் வேட்டியைத் திணித்து வைத்திருக்கிறார். குளிர்காற்று வராமலிருக்க. விசிறியையும் நிறுத்தியிருக்கிறார், அதோடு காற்று கெட்டால் அடிக்கும் எச்சரிக்கை மணியும் நின்றிருக்கிறது. செலவு குறைந்தது அதனால்தான். அவர் திருடவில்லை. இரண்டு நாள் அவருக்கு மூச்சு கொடுத்தது அந்தச் சுவர் ஓட்டை. அது அவருக்கே தெரியாது.
அடைத்தது நான். ஐயோ, நான்தான்.
கதவோரமாக உட்கார்ந்திருக்கிறார். தொட்டுப் பார்த்தேன், உடம்பு சில்லிட்டுவிட்டது.

09:40
மீட்டர் சான்றிதழை அச்சடித்துவிட்டது. ஐந்து நட்சத்திரம்.
கப்பலிலிருந்து: "மேடம், மாரிக்கனி பேசுதேன். அவுகளக் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்காவ. எத்தன நட்சத்திரம் மேடம்? நான் எறங்கலாம்லா?"

09:52
மறுபடியும் கூப்பிடுகிறாள். நான் இன்னும் அந்தச் சான்றிதழைப் பிடித்தபடி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.